மூணாம் பக்கத்துக்குக் கீழே

ஆட்டக் கூடாது, தொடக் கூடாது, மேசையில் இடித்துவிடக் கூடாது, இருபது நிமிஷம். அவ்வளவுதான் சொன்னார் நர்சம்மா. ஒரு விரல்கடை ரத்தம் நிற்கிற கண்ணாடிக் குழாயை ஜன்னலோரத்து மேசையில் நிறுத்தினார், சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார், துண்டுச் சீட்டில் 3.10 என்று எழுதிப் பக்கத்தில் வைத்தார், போய்விட்டார். இருபது நிமிஷம் கழித்து வந்து சாய்த்துப் பார்ப்பார். ரத்தம் உறைந்து அப்படியே நின்றால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். தண்ணியாக ஓடினால் இல்லை. காலையில் அண்ணனைக் கொண்டுவந்து போட்டதும் இதே மாதிரி வைத்துச் சாய்த்தபோது ஓடியது, பாண்டீஸ்வரி கண்ணால் பார்த்தாள், திருவிழாவில் விற்கிற கலர்த் தண்ணி மாதிரி ஒட்டாமல் கொள்ளாமல் ஓடியது. ஒரு மனுஷனுக்குள்ளே ஓடுகிற சாமான் அப்படியா இருக்கும். அண்ணன் கனகவேலுக்கு இருபத்தொன்பது வயசு, மக்காச்சோள மூட்டையை ஒத்தையாகத் தூக்கி டிராக்டரில் போடுகிறவன், கதிர் ஒடிக்கப் போன இடத்தில் கண்ணாடி விரியன் கணுக்காலுக்கு மேலே போட்டுவிட்டது. விஷத்துக்கு மருந்து இருக்கிறது, ஏற்றுகிறார்கள். விஷத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் டாக்டர் போர்வையை விலக்கியதும் முதலில் பார்த்தது கடிவாயை இல்லை, முழங்காலுக்குக் கீழே சதைக்குள் இறங்கியிருந்த நைலான் கயிற்றுத் தடத்தை. யாரு கட்டுனது என்றார். எவ்வளவு நேரமா கட்டியிருந்தீங்க என்றார். ஒண்ணரை மணி நேரம் என்று மதினி சொன்னாள், சொல்லும்போதே குரல் தரையில் விழுந்துவிட்டது. "விஷம் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கமா அந்தக் காலக் கொன்னிருக்கீங்கம்மா" என்றார் டாக்டர். அப்போதிருந்து அம்மா மதினியிடம் பேசவில்லை. மதினியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள், எதிர்த்த கட்டில்காரியிடம், தண்ணி பிடிக்க வந்தவளிடம், சுவரிடம். "கட்டிப்புட்டா. நல்லா இறுக்கிக் கட்டிப்புட்டா. எம்மகன் கால வெறகா ஆக்கிட்டா." மதினி வார்டு வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொல்லவும் ஆளில்லை, உட்காரவும் மாட்டாள்.

பாண்டீஸ்வரிக்கும் மதினி மேல்தான் பத்திக்கொண்டு வந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. கயிறு கட்டக் கூடாது என்பது பத்துப் படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், பள்ளிக்கூடத்தில் ஒருநாள் தீயணைப்புக்காரர்கள் வந்து காட்டிவிட்டுப் போனார்கள், பாண்டீஸ்வரி பன்னிரண்டாவதைப் பாதியில் விட்டவள்தான், அவளுக்கே ஞாபகம் இருக்கிறது. மதினிக்கு எப்படித் தெரியாமல் போகும். அந்தக் கேள்வியைத்தான் காலையில் ஒன்பது மணிக்கு ஓடி வந்ததும் கேட்டாள், மூச்சு வாங்கக்கூட நிற்காமல், ஏன் கட்டுனீக என்று. மதினி சொன்ன பதில் இன்னும் காதுக்குள் நின்று கொட்டிக்கொண்டே இருக்கிறது. "உங்க ஆபீசுலதான ஈசு போட்டிருந்துச்சு." ஈசு என்பது வீட்டில் பாண்டீஸ்வரியைக் கூப்பிடுகிற பெயர். அதற்குள் நர்சு கூப்பிட்டார், மதினி ஓடிவிட்டாள். உங்க ஆபீசு. பாண்டீஸ்வரியின் ஆபீசு ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடி, ஏழு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, செய்தியும் மருத்துவமும் ராசிபலனும் போடுகிற ஒரு தளம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஜெனிட்டா அக்கா, அவள்தான் ஆபீசில் இவளுக்கு மேலே, சொன்னாள்: வீட்டில் எத்தனை போன் இருக்கிறதோ அத்தனையிலும் நம்ம தளம்தான் முதலில் திறக்கணும், தெரிந்தவர்கள் போனிலும் போட்டுவிடு, எண்ணிக்கை ஏறும். போட்டாள். அண்ணன் போனில், மதினி போனில், பக்கத்து வீட்டு டீச்சர் போனில்கூட. ஊரில் பாதிப்பேர் இன்டர்நெட் என்றாலே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் பாம்பு போட்டதும் மதினி முதலில் பாண்டீஸ்வரிக்குத்தான் இரண்டு தடவை அடித்திருக்கிறாள். இவளுக்குக் காலை ஆறு மணி ஷிப்டு, போன் ஆபீஸ் வாசலில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கிடந்தது, வேலை நேரத்தில் அங்கேதான் போட வேண்டும். அவள் எடுக்கவில்லை, அதனால் மதினி போனைத் திறந்தாள், திறந்ததும் தளம் வந்தது. வரும். அப்படித்தானே வைத்துவிட்டிருக்கிறாள். சரி, தளத்தில் கட்டச் சொல்லியா போட்டிருப்பார்கள். போட்டிருக்க மாட்டார்கள். ஆயிரம் கோளாறு உண்டு, ஆனால் ஆளைக் கொல்கிற மாதிரிப் பொய் எழுதுகிறவர்கள் இல்லை. மதினிதான் சரியாகப் படித்திருக்க மாட்டாள், எட்டாவது வரைதான் படிப்பு, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். படிக்கத் தெரியாட்டி எதுக்குப் படிக்கணும் என்று நினைத்தாள், நினைத்ததும் கேவலமாக இருந்தது, ஆனால் நினைத்தாள். மேசையில் குழாய் நின்றது. 3.12. போனை எடுத்துத் தேடினாள். காண்பித்துவிடலாம், இங்க பாருங்க, கட்டக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு என்று மூஞ்சிக்கு நேரே காண்பித்துவிடலாம்.

"பாம்பு கடித்தால் முதல் ஐந்து நிமிடம்: உயிர் காக்கும் ஏழு விஷயங்கள்". ஏழு பக்கம். ஆஸ்பத்திரிக்குள் சிக்னல் ஒரு கோடு, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, சுற்றட்டும், சுற்றி முடித்தால் முதலில் வந்தது ஒரு பட்டுப் புடவைக்காரி, அவளை மூடினால் குறுக்கே ஒரு பெட்டி, உங்கள் ஊர்ச் செய்தி உடனே வேண்டுமா, வேண்டாம்டா, அதையும் மூடினால் அடியில் நாலு வரி. நம் நாட்டில் ஆண்டுதோறும் பலர் பாம்புக்கடியால் பாதிக்கப்படுகிறார்கள். பாதிக்கப்படுகிறவன் இதைப் படிக்கவா வந்தான். அவ்வளவுதான் முதல் பக்கம். இப்படி வெட்டித் தரத்தான் பாண்டீஸ்வரிக்குச் சம்பளம். எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள், சென்னையிலோ எங்கேயோ உட்கார்ந்து எழுதி முழு நீளத்துக்கு அனுப்புவார்கள், இவளும் இன்னும் மூன்று பெண்களும் அதைத் துண்டு போடுவார்கள், ஆபீசில் அதற்கு வெட்டு என்றே பெயர். ஒரு நாளைக்கு முப்பது வெட்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே ஆளை அடுத்ததுக்கு இழுக்கிற மாதிரி ஒரு வரி வெட்டுகிறவர்களே எழுத வேண்டும், அதற்குக் கொக்கி என்று பெயர். எங்கே வெட்டுவது என்பதற்கு ஞானதுரை சார் ஒரே சட்டம்தான் சொல்லிக்கொடுத்தார்: எழுத்தில் "ஆனால்" எங்கே வருகிறது என்று பார், அதற்கு முன்னால் வெட்டு. "ஆனாலுக்கு முன்னாடி விட்டா மனுஷனுக்குத் தூக்கம் வராது, அமுக்கியே தீருவான்" என்பார், முதலாளி, அவருக்கு எப்போதும் தூக்கம் நன்றாக வரும். முழுசாகப் படித்துப் பார்க்கவெல்லாம் நேரமில்லை, அந்த ஒரு சொல்லைத் தேடினால் போதும், மஞ்சளாக மினுங்கும், முன்னால் கோடு போடு, முடிந்தது. அமுக்கியே தீருவான் என்பது பொய் என்று பாண்டீஸ்வரிக்கு மூன்றாம் நாளே தெரியும். உள்ளே எண்ணிக்கை தெரிகிறதே. முதல் பக்கத்துக்கு நூறு பேர் வந்தால் இரண்டாவதுக்கு அறுபது, மூன்றாவதுக்கு நாற்பது, நாலாவதுக்குப் பத்துக்குக் கீழே, ஏழாவதுக்கு ஆபீசில் இருக்கிற நாங்கள். மீதிப்பேர் எங்கே போனார்கள் என்று ஒருதடவை கேட்டாள். ஜெனிட்டா அக்கா சிரித்தாள். "போனவன் எங்க போனா நமக்கென்னடி, வந்த வரைக்கும் அஞ்சு விளம்பரம் பாத்துட்டான்ல." போனவன் பாதிச் செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறான். அதுதான் முழுசு என்று நினைத்துக்கொண்டு போகிறான். அதை அப்போது அவள் நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறாள், பெரிய இவளாட்டம்.

இரண்டாம் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. 3.15. குழாயைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, கருஞ்சிவப்பாகச் சும்மா நின்றது, உறைகிறதா ஏமாற்றுகிறதா. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பாம்புப் பாடம் எங்கே இருக்கிறது என்று இப்போது கேட்டாலும் சொல்லுவாள், ஏழாம் வகுப்பு அறிவியல், இடதுகைப் பக்கம், மேலே படம், கீழே கறுப்புக் கட்டம், கட்டத்தின் ஓரத்தில் அவள் கொட்டிய காபிக் கறை. அவளுக்குப் படிப்பு அப்படித்தான் ஏறியது, பரீட்சையில் கண்ணை மூடினால் பக்கம் தெரியும், பக்கத்தில் இடம் தெரியும், இடத்தில் பதில் இருக்கும். அவளால் முடியாமல் போனது உட்கார்ந்திருப்பது. காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை ஸ்பெஷல் கிளாஸோடு சேர்த்து ஒரே பெஞ்சு, நம்பர் நம்பராகத் தேர்வு, ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள், அவ்வளவுதான், பெரிய கதையெல்லாம் இல்லை. அப்பா அவள் அஞ்சாவது படிக்கும்போதே செத்துப்போனவர், திட்ட வேண்டியது அண்ணன்தான், அண்ணன் திட்டவில்லை, "என்ன செய்யப் போற, அதச் சொல்லு" என்றான். இந்த வேலை கிடைத்ததும் ஊர் முழுக்க அவன்தான் சொன்னான், தங்கச்சி எழுத்து வேலை பாக்குது என்று. எழுத்து வேலை. வெட்டு வேலைடா அண்ணே. புத்தகத்தில் பக்கம் பக்கமாகத்தான் இருக்கிறது, அதை யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் புத்தகம் கையில் கிடக்கிறது, அடுத்த தாள் விரலுக்கு அடியில் தடிமனாகத் தெரிகிறது, இன்னும் இருக்கிறது என்று கட்டைவிரலுக்குத் தெரியும். போனில் அடுத்த பக்கம் எங்கே இருக்கிறது. எங்கேயும் இல்லை. அமுக்கினால்தான் பிறக்கும், சிக்னல் இருந்தால்தான் பிறக்கும். ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் முன்னால் படித்தது பாதி கழன்றுவிடுகிறது, வெட்டுகிறவளுக்கே கழன்றுவிடுகிறது, முதல் பக்கத்தில் என்ன இருந்தது, பலர் பாதிக்கப்படுகிறார்கள், அப்புறம். ஞாபகம் இல்லை. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டாம் பக்கம் வந்தது: பதற்றப்படாமல் கடிபட்டவரை உட்கார வையுங்கள், ஓடவோ நடக்கவோ விடாதீர்கள். சரியாகத்தானே போட்டிருக்கிறான். மதினி உட்கார வைத்திருக்கிறாள், காலையிலேயே சொன்னார்கள், வரப்பில் உட்கார வைத்து மடியில் சாய்த்துக்கொண்டு படித்தாள் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள், சத்தமாகப் படித்தாளாம், எல்லாரும் சுற்றி நின்று கேட்டார்களாம், ஆபீஸ் பெயரையும் சொல்லிப் படித்தாளாம், நம்ம ஈசு ஆபீசுல போட்டிருக்கு என்று.

மூன்றாம் பக்கம். நம் கிராமங்களில் பாம்பு கடித்தவுடன் முதலில் என்ன செய்கிறார்கள்? கடித்த இடத்துக்கு மேலே கயிறு அல்லது துணியால் இறுக்கிக் கட்டுகிறார்கள். விஷம் உடலுக்குள் ஏறாமல் தடுப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக இந்த முறை பின்பற்றப்படுகிறது. அதற்குக் கீழே சாய்ந்த எழுத்தில் ஒரு கொக்கி: கட்டிய பிறகு என்ன ஆகும், தெரியுமா? பாண்டீஸ்வரி அந்தத் தெரியுமாவைப் பார்த்தாள். அது அவளுடையது. ஆபீசில் வேறு யாரும் அந்தத் தெரியுமாவைப் போட மாட்டார்கள், மற்ற பெண்கள் ஆச்சரியம், அதிர்ச்சி என்று போடுவார்கள், இவள் ஒரு கமா வைத்துத் தெரியுமா என்று கேட்பாள், பக்கத்தில் உட்கார்ந்து காதில் கேட்கிற மாதிரி. ஞானதுரை சார் போன மாசம் எல்லாரையும் கூப்பிட்டு இவள் திரையைக் காட்டினார், பாருங்க இந்தப் பிள்ள வெட்டியிருக்கிற எடத்த, மூணாம் பக்கத்தோட நிறுத்தியிருக்கு பாருங்க, மனுஷன் அரிச்சிக்கிட்டுச் சாவான் என்றார், எல்லாரும் கை தட்டினார்கள், இவள் சிரித்தாள், பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். எந்தக் கட்டுரை என்றுகூட அன்றைக்கு அவள் பார்க்கவில்லை. இது. இதுதான். அடுத்த பக்கத்தில் முதல் சொல் என்ன என்று பார்க்க வேண்டியதில்லை, ஆனாலும் அமுக்கினாள், அமுக்குவதற்கு இடத்தைத் தேட வேண்டியிருந்தது, கொக்கிக்குக் கீழே திரை அகலத்துக்கு ஒரு நெக்லஸ், அதன் மேல் பெரிய சிவப்பு எழுத்தில் இங்கே அழுத்தவும், அதையும் தாண்டித் தள்ளிக்கொண்டே போனால் சாம்பல் கலரில் எறும்பு மாதிரி, அடுத்த பக்கம். வட்டம் சுற்றியது. சுற்றியது. ஆனால் மருத்துவர்கள் இதை ஒருபோதும் செய்யக் கூடாது என்கிறார்கள். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலையே இழக்க நேரிடும். கட்டாமல், வெட்டாமல், உறிஞ்சாமல், காலை அசையவிடாமல் உடனே மருத்துவமனைக்கு. இருந்தது. எல்லாம் இருந்தது. எழுதினவன் சரியாகத்தான் எழுதியிருந்தான். ஒரு கோடு. ஒரே ஒரு கோட்டைப் போட்டு வலது பக்கத்தில் மருந்தையும் இடது பக்கத்தில் விஷத்தையும் பிரித்தவள் இவள். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, கட்டியாயிற்று இனி ஏறாது என்ற தைரியத்தில்தான் வண்டிக்கு அவசரப்படாமல் சித்தப்பா மகன் லோடு ஆட்டோ வரட்டும் என்று முக்கால் மணி நேரம் வரப்பிலேயே இருந்திருக்கிறார்கள். அந்த முக்கால் மணி நேரத்தையும் இவள்தான் வெட்டிக் கொடுத்தாள்.

3.21. அம்மா இன்னும் நிறுத்தவில்லை. "படிச்சாளாம், படிச்சுக் கட்டுனாளாம்." பாண்டீஸ்வரிக்குக் காது மடல் சுட்டது. ஜெனிட்டா அக்கா மேல் கோபம், சார் மேல் கோபம், சிரித்த தன் பல்லின் மேல் கோபம், இவ்வளவு நேரமும் மதினி மேல் எரிந்துகொண்டிருந்த கோபம் இப்போது போவதற்கு இடம் தெரியாமல் உள்ளேயே சுற்றியது, அந்த வட்டம் மாதிரி, வராத பக்கத்துக்காகச் சுற்றுகிற வட்டம். வெட்டுகிற செயலி போனிலும் இருக்கிறது, லீவு நாளில்கூட வேலை வாங்கத்தான் போட்டுக் கொடுத்தார்கள். திறந்தாள். அந்தக் கட்டுரையை எடுத்தாள், ஏழு பக்கத்துக்கு நடுவில் ஆறு சிவப்புக் கோடு, மூலையில் எண்ணிக்கை, இந்த நிமிஷம் இதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் 14 பேர். பதினாலு பேர் எதற்குப் படிக்கிறார்கள், சும்மாவா, இல்லை அதில் ஒருத்தி மடியில் ஆளைச் சாய்த்துக்கொண்டு படிக்கிறாளா. ஆறையும் தட்டி அழித்துச் சேமி என்பதை அமுக்கினால் முடிந்தது, ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். விரல் அதன் மேல் போனது. போய் நின்றது. ஒட்டிவிட்டால் மதினி போனிலும் அது ஒன்றாகத்தான் தெரியும். கட்டுவார்கள், ஆனால் கட்டக் கூடாது, அடுத்தடுத்த வரி. அம்மா அதை எதிர்த்த கட்டில்காரியிடம் படிக்கக் கொடுப்பாள், பாருங்க, அடுத்த வரியில போட்டிருக்கு, இந்தச் சிறுக்கி படிக்காம கட்டியிருக்கா என்பாள், அந்த வார்த்தை ஊருக்குப் போகும், அண்ணன் கண் திறந்தால் அவன் காதுக்கும் போகும், சாகிற வரைக்கும் மதினி தலையில் உட்கார்ந்துகொள்ளும். வெட்டு இருந்த தடமே இருக்காது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது, எடுத்தாள், எடுத்ததும் தன்னைப் பார்த்தே எரிச்சல் வந்தது, எடுத்து வைத்து என்ன செய்யப் போகிறாள், என்றைக்காவது காட்டலாம், அப்புறம் காட்டலாம், அடுத்துப் பார்க்கலாம். இதுவும் அடுத்த பக்கம்தான். அண்ணன் பிழைத்துவிட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இன்னொரு யோசனை வந்தது, அது நல்ல யோசனை மாதிரியே வந்தது. குழாய் உறைந்துவிட்டால் எல்லாரும் அழுது சிரித்துக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், அந்தச் சந்தோஷத்தில் நைசாகச் சொன்னால் யாருக்கும் வலிக்காது. ஓடிவிட்டால்? ஓடிவிட்டால் சொல்லவே மாட்டாள், அது அவளுக்கே தெரிந்தது, செத்தாலும் சொல்ல மாட்டாள். அப்படியென்றால் குழாயைச் சாய்க்கிறதுக்கு முன்னாடி சொன்னால்தான் அது சொல்வது. நல்ல சேதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொல்வதற்குப் பெயர் வேறு. 3.23. எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது, மரத்த காலோடு நடந்தபோது அண்ணன் கால் ஞாபகம் வந்தது, அப்படியே நடந்தாள்.

"மதினி." மதினி சண்முகக்கனி திரும்பவில்லை. "மதினி, காலைல படிச்சீகள்ல, மூணாம் பக்கத்தோட நிறுத்திட்டீகளா?" கேட்டது அம்மாவுக்கும் காதில் விழட்டும் என்றுதான் கேட்டாள். மதினி மெதுவாகச் சொன்னாள்: "நிறுத்தல. அடுத்து என்னமோ இருக்கும்னு தெரியும். அமுக்குனேன். நகைக்கடை வந்துச்சு. திரும்பி வந்தேன், முதல்ல இருந்து ஆரம்பிச்சுச்சு. மறுபடியும் மூணு வரைக்கும் வந்து அமுக்குனேன், மறுபடியும் நகைக்கடை. உங்கண்ணன் கண்ணு சொருகுச்சு. அதான் படிச்ச வரைக்கும் செஞ்சேன்." பாண்டீஸ்வரிக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது பெரிய வேலையாக இருந்தது. இரண்டு தடவை. இவள் அவ்வளவு நேரமும் ஒரு தடவை அமுக்கியிருக்கக் கூடாதா என்று திட்டிக்கொண்டிருந்தாள், அவள் இரண்டு தடவை அமுக்கியிருக்கிறாள், மடியில் புருஷனை வைத்துக்கொண்டு, நெக்லஸை. "கட்டக் கூடாதுன்னு நாலாம் பக்கத்துல இருக்கு மதினி. முதல் வரியே அதுதான். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல வெட்டுனது நான்." அம்மா தலையைத் தூக்கினாள். "என்னடி ஒளர்ற." "ஒளறல. அதான் என் வேலை. ஆளு அடுத்ததுக்குப் போகணும்னு அந்த எடத்துல வெட்டுனேன். சார் பாராட்டுனாரு, எல்லாரும் கை தட்டுனாக." அம்மா எழுந்தே விட்டாள், குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள். "ஊர்ப் பழிய என்னத்துக்கு நீ தூக்கித் தலையில போட்டுக்கிற. கயித்தக் கட்டுனது அவ கைதான. வாய மூடிட்டு அங்கிட்டுப் போய் ஒக்காரு." "என்னைய எதுக்கும்மா காப்பாத்துற. அவுகளக் காலைல இருந்து இந்தக் கிழி கிழிச்சியே, அதுல பாதிய என்னையக் கிழி." மகளைத் திட்டுவதற்கு அம்மாவிடம் வார்த்தை இல்லாமல் இல்லை, நிறைய இருந்தது, அத்தனையையும் மருமகள் மேல் கொட்டித் தீர்த்திருந்தாள்.

மதினி கை நீட்டினாள். "அந்தப் பட்டன் எங்க இருந்துச்சு. காமி." பாண்டீஸ்வரி போனைக் கொடுத்தாள். மதினியின் கையில் கயிறு அறுத்த சிவப்புக் கோடு விரலுக்குக் குறுக்கே இருந்தது, பலம் கொண்ட மட்டும் இழுத்துக் கட்டியிருக்கிறாள், பிழைக்கட்டும் என்று. அந்த விரலால் மூன்றாம் பக்கத்தைத் தள்ளினாள், எழுத்து போனது, தெரியுமா போனது, நெக்லஸ் வந்தது, இன்னும் தள்ளினாள், நெக்லஸ் முடிந்தது, வெறும் வெள்ளை, அதற்குக் கீழே. "இதா?" "அதுதான்." "இத ஏதோ கோடுன்னு நெனச்சேன்." போனைத் திருப்பி நீட்டினாள். "எதுக்கு ஈசு இப்படி வைக்கிறீக?" எதையாவது சொல்லி மழுப்பலாம், டிசைன் வேற ஆளு என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. "தேடுற அவசரத்துல ஆளுக நகைய அமுக்கணும்னுதான்." "தெரிஞ்சேவா?" "தெரிஞ்சேதான் மதினி." மதினி அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் காலைல இருந்து எங் கையத்தான் பாத்துக்கிட்டு நிக்கேன்" என்றாள், அவ்வளவுதான், குரல்கூட ஏறவில்லை, ஆனால் பாண்டீஸ்வரி அந்த வரியை எந்த இடத்திலும் வெட்ட முடியாது என்று உணர்ந்தாள், அது முழுசாக உள்ளே இறங்கி முழுசாக உட்கார்ந்துகொண்டது. "இப்ப எத்தனை பேரு இதப் படிக்காக?" "பதினஞ்சு." "அழி. நான் பாக்கணும்." ஆறு கோட்டையும் மதினி கண் முன்னால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். சேமித்தாள். வட்டம் சுற்றியது, இந்த ஒரு தடவையாவது சீக்கிரம் சுற்றித் தொலை என்று பல்லைக் கடித்தாள், வந்தது, ஒரே நீளமாக வந்தது. மதினி கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, உதடு அசைய, எழுத்துக்கூட்டி அடி வரைக்கும் வந்து நிறுத்தினாள். "இது இப்படியே இருந்திருந்தா எனக்கு ரெண்டு நிமிசம் ஆயிருக்கும்" என்றாள். உடனே போன் அடித்தது, ஜெனிட்டா அக்கா. வெட்டை யாராவது அழித்தால் எரிகிற சிவப்பு விளக்கு ஆபீசில் எரிந்திருக்கும். பாண்டீஸ்வரி எடுக்கவில்லை, டப்பாவுக்குள் போட்ட மாதிரி பைக்குள் போட்டாள், அது அங்கேயே கிடந்து அதிர்ந்தது.

3.30க்கு நர்சம்மா வந்தார், 3.32 என்றுகூடச் சொல்லலாம், அந்த இரண்டு நிமிஷத்தில் அவரையும் மனசுக்குள் திட்டி முடித்திருந்தாள். சீட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், குழாயை இரண்டு விரலால் எடுத்தார். மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றார்கள், காலையிலிருந்து முதல் தடவையாக. சாய்த்தார். ரத்தம் அசையவில்லை. இன்னும் சாய்த்தார், தலைகீழாகவே பிடித்தார், குழாயின் அடியில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. "உறைஞ்சிருச்சு. மருந்து கேக்குது" என்றார். அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மதினி அழவில்லை. நிலையில் நெற்றியை ஒரு தடவை வைத்து எடுத்தாள், அப்புறம் பாண்டீஸ்வரி பக்கம் திரும்பினாள். "கால் எப்படின்னு டாக்டர்ட்ட நீ போய்க் கேளு. நல்லதா ஒண்ணு சொன்னதும் ஓடி வந்துராத. அவரு பேசி முடிக்கிற வரைக்கும் நின்னு கேட்டுட்டு வா." டாக்டர் அறையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. "உயிருக்கு இனி பயமில்லம்மா" என்றார் அவர், அந்த இடத்தில் கால் தானாகத் திரும்பப் பார்த்தது, நல்ல வெட்டு, எத்தனை ஆயிரம் தடவை அந்த இடத்தில் நிறுத்திப் பழகிய விரல். நின்றாள். "ஆனா" என்றார் டாக்டர். நின்றாள். வீக்கம் வடிய நாளாகும், பாதம் தங்கிவிடும் என்றுதான் நினைக்கிறேன், சிறுநீர் சரியாகப் போகிறதா என்று ரெண்டு நாள் பார்க்கணும், சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கறுத்தது கறுத்ததுதான், அந்த ரெண்டையும் எடுக்க வேண்டி வரலாம், அது விஷத்தால இல்ல, கட்டுனதால. ஒரு வேலையும் செய்ய முடியாதா என்று கேட்டாள். நடப்பார், மூட்டை தூக்குவதெல்லாம் ஆறு மாசம் யோசிக்கக்கூடக் கூடாது என்றார். வேறு ஏதாவது இருக்கா டாக்டர் என்றாள். அவர் டீயைக் கையில் எடுத்தபடி யோசித்தார். இல்ல, அவ்வளவுதான் என்றார். வராந்தாவில் மதினி நின்ற இடத்திலேயே நின்றாள், அம்மா கீழே இருந்து அண்ணாந்து பார்த்தாள். பாண்டீஸ்வரி உயிரில் ஆரம்பித்தாள், விரலில் முடித்தாள், எதனால் என்பதையும் சொன்னாள், நடுவில் மூச்சுக்குக்கூட நிற்கவில்லை.